கெண்டை

உடுமலையிலிருந்து தாராபுரம் போகையில்
காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது.
நாற்பத்திரண்டு, நாற்பத்து நாலு என்று
மீட்டர் காட்டிய வேகமெல்லாம்
என் தொடையில் விளைந்தது என்றே நம்பிவிட்டேன்,
வட்டிப் பணத்தில் கல்யாணம் நடத்துகிறவன்
பந்தியைப் பார்த்துப் பூரிப்பது போல.

அமராவதிப் பாலத்துக்கு முன்னால் ஒரு தகர டிரம்.
சுற்றித் திரும்பினேன்.
பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்த ஆடிக் காற்று
வேறு யாரையும் தெரியாததுபோல்
நேராக என் நெஞ்சில் வந்து நின்றது.
அம்மி பறக்குமோ என்னவோ,
என் ஒன்பதரைக் கிலோ சைக்கிள் நகரவில்லை.

ஐம்பத்தெட்டாம் கிலோமீட்டரில்
வலது கெண்டைக்காலில் ஒரு சின்னத் துடிப்பு.
பதினோரு வருஷமாகத் திருப்பூரில் செக்கிங் டேபிள்.
பனியனில் ஓட்டை விழும் முன்னால்
இழை ஒன்று நெளியும், அது எனக்குத் தெரியும்.
கியரை இளக்கினேன்.
குதிகாலைத் தாழ்த்தினேன்.
மேலுதட்டைக் கிள்ளினால் போய்விடும் என்று
கட்டிங் மாஸ்டர் பவுனாத்தாள் சொல்லியிருந்தாள்.
கிள்ளினேன்.
இப்போது உதடும் வலித்தது.

கண்ணைக் கெண்டை என்று பாடியவர்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள்.
காலுக்கு அந்தப் பேரை வைத்த எவனோ ஒருவன்தான்
நிஜமாகவே பார்த்திருக்கிறான்:
தோலுக்கடியில் ஒரு மீன் கிடக்கிறது.
தண்ணீர் வற்றினால் துள்ளும்.

துள்ளியது.

வலி கதவைத் தட்டிவிட்டு வரும்.
கொரக்களி வீட்டு ஓனர், தனிச் சாவி வைத்திருப்பவர்.
பாதம் தானாக வளைந்துகொண்டது,
பெடலின் கிளிப்பில் ஷூ பூட்டிக் கிடக்க.
கழற்ற வேண்டுமானால் குதிகாலைத் திருப்ப வேண்டும்.
திருப்பு என்றேன்.
நீ யாரு என்றது கால்.

பையன்கள் கடந்து போனார்கள்.
'போலாங்க்கா, போலாங்க்கா' என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.
பின்னால் ஒரு முனகல். திரும்பினால்
பல்லடத்துக் கோழித் தீவன ஏஜென்ட் ஆறுச்சாமி,
எலுமிச்சையைக் கடித்த முகத்தோடு.

'ஏனுங், எந்தக் காலு?'
'சோத்தாங்காலுங்.'
'எனக்குப் பீச்சாங்காலு.
ரெண்டு பேருக்கும் சேத்து
ஒரு ஜோடி நல்லாத்தானுங் இருக்குது.'

ஜெர்சிப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர் எடுத்தார்.
நெல்லிக்காய் ஊறுகாய்த் தண்ணீர்.
பாதியை உறிஞ்சிவிட்டு நீட்டினார்.
ஆற்று மீன்தான். ஆனாலும்
உப்புக்கு அடங்கியது.

பிறகு கணக்கு:
பத்துக் காற்றாலைக்கு அவர் முன்னால், நான் அவர் நிழலில்.
அடுத்த பத்துக்கு நான்.
என் இடது கால் இழுக்க, வலது சும்மா சுற்றி வரும்.
அதே காற்றில் றெக்கைகள் யாருக்கோ சம்பாதித்துக்கொண்டிருந்தன.
நாங்கள் செலவு செய்துகொண்டிருந்தோம்.
எத்தனை காற்றாலை என்று கேட்காதீர்கள்,
எழுபதுக்கு மேல் எனக்கு எண்ணத் தெரியவில்லை.

கடைசி முந்நூறு மீட்டர்.
டீக்கடை, பேனர், மைக்கில் யாரோ.
ஒரு வார்த்தை சொல்லாமல்
ஆறுச்சாமி எழுந்து மிதித்தார்.
நானும் எழுந்தேன்.
எழக்கூடாது என்று தெரியும்.
இரண்டு காலிலும் மீன்கள், தொடையில் வேறு பெரிய மீன்,
ஒரு குளத்தையே வலை போட்டு இழுத்தது போல.
கத்தினேன் என்கிறார்கள்.
அவர் முப்பத்தொன்று. நான் முப்பத்திரண்டு.
அரைச் சக்கரம்.

தார் ரோட்டில் மல்லாந்து கிடந்து
அவர் பாதத்தை நானும் என் பாதத்தை அவருமாக
மாறி மாறித் தள்ளிக்கொண்டிருந்தோம்.
'ஏமாத்திப்புட்டீங்களே!'
'பந்தயமுங்' என்றார், கண்ணில் நீர் வழிய.

திங்கட்கிழமை, நூற்றுப் பதினான்காவது பீஸில்
மேஜைக்கடியில் ஒருமுறை வாலை அடித்தது.
கையில் பனியன், கண்ணில் லைட்.
யாருக்கும் தெரியாமல் குதிகாலைத் தாழ்த்தி
சித்த இரு என்றேன்,
சாவகாசமாக,
தெரிந்தவரிடம் பேசுவது போல.